வண்டி வந்துவிடும், பிளக் வருமா?

2024 ஏப்ரலில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து 500 மின்சாரக் கார்கள் இந்தோனேசியாவுக்குக் கப்பலேறின. திருவள்ளூர் ஆலையில் தயாரான சிட்ரோன் இ-சி3 என்ற சின்னக் கார்கள் அவை. 2023 பிப்ரவரியில் அந்த வண்டி சந்தைக்கு வந்தபோது ஆரம்ப விலை 11.50 லட்சம் ரூபாய்.

வண்டி செய்வதும் அனுப்புவதும் வடசென்னைக்குப் புதிதில்லை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் இதே எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. அதுதான் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. இந்தியாவில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரானது திருவொற்றியூரில். மின்சாரத்துக்கும் இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாவது 1,200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாவது 800. பக்கத்திலேயே வல்லூர் 1,500. கரண்ட் ஊரெல்லாம் போகிறது. சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆற்றங்கரையிலேயே தங்கிவிடுகிறது.

இப்படிப்பட்ட இடத்தில், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறவரோ, மணலியில் ஷிப்ட் பார்க்கிறவரோ எட்டு லட்சத்தில் ஒரு மின்சாரக் கார் வாங்கலாமென்று நினைத்தால் இரண்டு கேள்விகள் வந்து நிற்கின்றன. பணம் கட்டினால் வண்டி எப்போது கைக்கு வரும்? வந்த வண்டிக்கு எங்கே சார்ஜ் போடுவது? ஷோரூமில் முதல் கேள்விக்குத்தான் சத்தம் அதிகம். ஆனால் அது சில மாதத்தில் தானாகத் தீர்ந்துவிடுகிற கேள்வி. இரண்டாவது அப்படித் தீராது.

முதலில் தாமதத்தைப் பார்த்துவிடலாம். டாடா டியாகோ மின்சாரக் கார் 2022 செப்டம்பர் 28 அன்று 8.49 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் அறிவிக்கப்பட்டது. அந்த நேரத்தில் இந்தியச் சந்தையில் அந்த விலைக்குப் பெரிய கம்பெனியின் நான்கு பேர் உட்காரும் மின்சாரக் கார் வேறு கிடையாது. அக்டோபர் 10-ல் முன்பதிவு திறந்தது. ஒரே நாளில் பத்தாயிரம் பேர் பதிவு செய்தார்கள். முதல் பத்தாயிரம் பேருக்கு என்று சொன்ன அறிமுக விலையை இன்னொரு பத்தாயிரம் பேருக்கும் நீட்டினார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில்தான் முதல் தவணையாக 133 நகரங்களில் 2,000 வண்டிகள் கைமாறின. மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காருக்கு இரண்டு பேட்டரி: 19.2 கிலோவாட்-மணி, 24 கிலோவாட்-மணி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வந்த 8.49 லட்சம் சின்ன பேட்டரிக்கு உரியது. உற்பத்தியில் முன்னுரிமை பெரிய பேட்டரிக்குப் போனது. மஹிந்திராவும் இதே வழியில்தான் நடந்தது. 2025 பிப்ரவரி 14 அன்று பி.இ.6, எக்ஸ்.இ.வி.9இ கார்களுக்கு முதல் நாளிலேயே 30,179 முன்பதிவு வந்தது. உயர்ந்த ரகத்தின் டெலிவரி மார்ச்சில் தொடங்க, ஆரம்ப விலை ரகத்துக்கு ஆகஸ்ட் என்று தேதி சொன்னார்கள். கிருஷ்ணகிரியில் தயாரான ஓலா ஸ்கூட்டரிலும் இதே கதை. 2021 ஜூலையில் 499 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிவு நடந்தது. டெலிவரி டிசம்பர் 15-ல் பெங்களூரிலும் சென்னையிலும் தொடங்கியது. விலை குறைந்த எஸ்1 ரகத்தின் உற்பத்தி தள்ளிப்போனது. அதற்குப் பணம் கட்டியவர்களுக்கு எஸ்1 ப்ரோ வண்டியையே, சில வசதிகளை மென்பொருளால் பூட்டிவைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

ஆக, ‘மலிவு’ என்ற பெயரில் கூட்டத்தைக் கூட்டுகிற ரகம் வரிசையில் கடைசியாகத்தான் வருகிறது. கம்பெனிக்கு அதில் லாபம் குறைவு, பேட்டரி கிடைப்பதோ அளவோடு. இருக்கிற பேட்டரியை எதில் மாட்டினால் காசு என்று கணக்குப் போடுவது வியாபாரம். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் முன்பதிவுப் படிவத்தில் இந்த உண்மையையும் ஒரு வரி அச்சடிக்கலாம்.

மலிவுக் காருக்கு வரிசை கட்டி நிற்பது மின்சார வண்டியோடு வந்த பழக்கமும் இல்லை. 2009 ஏப்ரலில் டாடா நானோவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலத்துக்காக நடந்த போராட்டத்தால் ஆலை குஜராத்தின் சாணந்துக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. குலுக்கல் போட்டு ஒரு லட்சம் பேருக்கு ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் டெஸ்லா 2016 மார்ச்சில் 35,000 டாலருக்கு மாடல் 3 தருவதாகச் சொன்னது. அந்த விலை வண்டியை விற்பனைக்கு வைத்தது 2019 பிப்ரவரியில். இந்தியாவிலிருந்தும் சிலர் அன்று ஆயிரம் டாலர் முன்பணம் கட்டினார்கள். டெஸ்லா இந்தியாவில் கடை திறந்தது 2025 ஜூலையில், மும்பையில். வண்டி மாடல் ஒய், விலை 59.89 லட்சம் ரூபாய்.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் கடல் கடந்தது. பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. மோட்டாரில் இருக்கும் காந்தத்துக்கான அருமண் உலோகங்களும் அங்கிருந்தே. 2025 ஏப்ரலில் அவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்ததும் மாருதி தன் இ-விட்டாராவின் அரையாண்டு உற்பத்தி இலக்கை 26,500-லிருந்து 8,200 ஆகக் குறைத்ததாகச் செய்தி வந்தது. ஷோரூம் விற்பனையாளர் ‘அடுத்த மாசம் சார்’ என்று சொல்லும்போது, அந்த மாதத்தைத் தீர்மானிக்கிறவர் அவரும் இல்லை, அவருடைய முதலாளியும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. காத்திருந்தவர்களில் சிலருக்கு லாபம்கூடக் கிடைத்தது. டியாகோவின் ஆரம்ப விலை 2023 பிப்ரவரியில் 8.69 லட்சமாக ஏறியது. ஓராண்டு கழித்து, பேட்டரி விலை இறங்கியதால் 7.99 லட்சமாகக் குறைந்தது. அதே மாதம் எம்.ஜி. காமெட் காரின் விலையும் 6.99 லட்சத்துக்கு இறங்கியது. முதல் நாள் ஓடிப்போய் டோக்கன் போட்டவரைவிட நிதானமாக வந்தவர் குறைந்த விலையில் வாங்கினார்.

இனி பிளக். டியாகோ 24 கிலோவாட்-மணி வண்டியை வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் 10 சதவீதத்திலிருந்து நிறைய எட்டே முக்கால் மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குப் போட்டால் காலை ஏழுக்குத் தயார். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜரில் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றே மேல். பொது இடத்து டி.சி. வேக சார்ஜரில் 80 சதவீதம் வரை ஒரு மணி நேரத்துக்குள். காமெட்டுக்கு டி.சி. வசதியே கிடையாது. 17.3 கிலோவாட்-மணி பேட்டரி, வீட்டில் ஏழு மணி நேரம். மொத்தத்தில் மலிவு மின்சாரக் கார் என்பது ராத்திரி முழுக்க வீட்டு வாசலில் நிற்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட வண்டி.

அந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதுதான் வடசென்னையில் கேள்வி. காலடிப்பேட்டையிலும் ராயபுரத்திலும் பழைய வீடுகள் தெருவை ஒட்டியே நிற்கின்றன. பைக் நிறுத்தவே சண்டை வருகிற தெருக்கள். ஒரே கட்டடத்தில் நான்கு குடித்தனம் இருந்தால் நான்கு மீட்டரும் மாடிப்படிக்கு அடியில் ஒரே பலகையில் இருக்கும். அதற்குக் கீழே முழங்கால் உயரத்தில் மோட்டாருக்கான பிளக். வாடகைக்கு இருப்பவர் அதில் கை வைக்க வேண்டுமானால் முதலில் வீட்டுக்காரரிடம் போய் நிற்க வேண்டும். ‘என் மோட்டார் போய்விடும்’, ‘மற்றவர்களும் கேட்பார்கள்’ என்று பதில் வரும். ஒத்துக்கொண்டாலும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கு.

அதற்கு மேல் எர்த் பிரச்சினை. காரோடு வரும் கையடக்க சார்ஜரில் பாதுகாப்புச் சுற்று இருக்கிறது. எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கும். பல பழைய வீடுகளில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த குழாய் எந்தக் காலத்திலோ வைத்தது. கடல் காற்றில் மேலே தெரியும் கம்பி பச்சை பூத்துப்போயிருக்கும். ‘எர்த் வரல சார், புதுசா பிட் போடணும்’ என்பார் எலக்ட்ரீஷியன். பிட் போடத் தரை வேண்டும். தரையெல்லாம் சிமென்ட். இதற்கு நடுவில் சிலர் செய்கிற காரியம் ஆபத்தானது: மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு இழுத்து, அதில் மூன்று கிலோவாட் சுமையை இரவு முழுக்க ஓடவிடுகிறார்கள். வயர் தொட்டால் சுடுகிறது என்றால் உடனே பிடுங்க வேண்டும்.

மின்கட்டணத்தையும் விற்பனையாளர் சொல்வதுபோல் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. நடைமுறையில் 24 கிலோவாட்-மணி டியாகோ ஒரு சார்ஜில் 180 முதல் 200 கிலோமீட்டர் ஓடும். வீணாவதையும் சேர்த்தால் பிளக்கிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் சொச்சம். மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டு மாதத்தில் கூடுதலாக 250 யூனிட் ஆகும். ஏற்கெனவே 400 யூனிட் எரிக்கும் வீடு 2024 ஜூலை கட்டணப்படி சுமார் 1,200 ரூபாய் கட்டும். கார் வந்து 650 யூனிட் ஆனதும், 500-ஐத் தாண்டியதால் அட்டவணையே மாறி, பில் 3,400 ரூபாயை எட்டும். காருக்குப் போன ஒவ்வொரு யூனிட்டும் ஒன்பது ரூபாய். அப்படிப் பார்த்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றே கால் ரூபாய்தான். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில், நகர நெரிசலில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் காருக்குக் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆதாயம் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த ஆதாயம் சொந்த பிளக் உள்ளவருக்கு. பொது வேக சார்ஜர்களில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் போகிறது, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. அங்கே கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததும் பெட்ரோல் டியாகோவின் ஆரம்ப விலை 4.57 லட்சத்துக்கு வந்தது. மின்சார டியாகோ அப்போது 7.99. சாலை வரி விலக்கைக் கழித்தாலும் மூன்று லட்சத்தை ஒட்டிய இடைவெளி. வீட்டில் சார்ஜ் போடுகிறவர் அதை ஆறேழு வருடத்தில் எடுத்துவிடுவார். பொது சார்ஜரையே நம்பியிருப்பவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். பேட்டரி உத்தரவாதம் எட்டு வருடம். பேட்டரியை வாடகைக்கு விடும் திட்டத்தில் இது இன்னும் மோசம். எம்.ஜி. விண்ட்சர் 2024-ல் 9.99 லட்சம் என்று வந்தது, அதோடு கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் பேட்டரி வாடகை. பொது சார்ஜர் செலவையும் கூட்டினால் பெட்ரோல் டியாகோவே சிக்கனம் என்றாகிவிடுகிறது. சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவருக்கு மலிவு, இல்லாதவருக்கு விலை அதிகம். ஏழைக்கு எட்டும் கார் என்ற பேச்சு இங்கே தலைகீழாக நிற்கிறது.

பொது சார்ஜர்களே எத்தனை? 2024 டிசம்பர் கணக்கில் நாடு முழுக்க 25,202 பொது சார்ஜிங் நிலையங்கள். கர்நாடகத்தில் 5,765. தமிழ்நாட்டில் ஆயிரத்து நானூறு சொச்சம். இந்தியாவின் மின்வாகனங்களில் பெரும் பங்கைச் செய்கிற மாநிலத்துக்கு இது குறைச்சல்தான். சென்னைக்குள் அவை மால்களையும் பழைய மகாபலிபுரம் சாலையையும் நெடுஞ்சாலை ஓட்டல்களையும் தேடிப் போகின்றன. வியாபாரி ஆள் வருகிற இடத்தில்தான் கடை போடுவான். சார்ஜர் இல்லாததால் வடக்கே கார் இல்லை, கார் இல்லாததால் சார்ஜர் இல்லை.

நெரிசல் விஷயத்தில் மட்டும் மின்சாரக் கார் வடசென்னைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கமும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் மணிக்கணக்கில் நகராது. பெட்ரோல் கார் நின்ற இடத்தில் எண்ணெய் குடிக்கும். மின்சாரக் கார் ஏ.சி.க்கு மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பிரேக் போடும்போது கொஞ்சம் திருப்பியும் சேர்த்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் சறுக்குகிற ரேஞ்ச் இங்கே நன்றாகவே நிற்கும்.

வெள்ளம் வேறு கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சாத்தாங்காடு, எர்ணாவூர், மணலி என்று இந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர் நின்றது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய்க் கழிவும் அதில் கலந்து வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டது. கார் பேட்டரிகளுக்கு இப்போது ஐ.பி.67 தரம் உண்டு. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். மூன்று நாள் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. தண்ணீர் ஏறினால் மின்வாரியம் முன்னெச்சரிக்கையாகச் சப்ளையை நிறுத்தும். முழங்கால் உயர பிளக் மூழ்கியிருக்கும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தப் போகும் மின்சாரக் காரில் முதல் நாளே சார்ஜ் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது இந்தப் பகுதிக்காரருக்கு நல்லது.

இதே வடசென்னையில் ஒரு காரியம் சரியான வரிசையில் நடந்திருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அசோக் லேலண்ட் குழுமத்தின் ஓம் குளோபல் மொபிலிட்டி அவற்றை ஒப்பந்தத்தில் ஓட்டுகிறது. அதற்கும் நாள் தள்ளிப் போகத்தான் செய்தது. ஆனால் பணிமனையில் மின் இணைப்பும் சார்ஜரும் தயாரான பிறகே பேருந்துகள் ரோட்டுக்கு வந்தன. தனியார் கார் விஷயத்தில் கம்பெனி வண்டியை விற்றுவிட்டுப் போகிறது, பிளக்கைத் தேடுவது வாங்கியவர் பாடு. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜர்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கி, கார்களுக்கென 22,100 வேக சார்ஜர்கள் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். நகரங்களில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு நிலையம், 2030-க்குள், என்பது 2024 வழிகாட்டு நெறி. புதுக் கட்டடங்களில் 20 சதவீத வாகன நிறுத்தத்துக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று 2019-லேயே மாதிரி விதியில் சேர்த்தாயிற்று. வாகன நிறுத்தமே இல்லாத பழைய கட்டடத்துக்கு அந்த விதியால் என்ன பயன்?

வேக சார்ஜர் ஒன்றுக்கு லட்சக்கணக்கில் கொட்டுவதைவிட, மெதுவாக ஏறும் சாதாரண பிளக்குகளை நூற்றுக்கணக்கில் வைப்பதுதான் இங்கே பொருந்தும். கேரள மின்வாரியம் 2021-லிருந்து மின்கம்பங்களிலேயே 3.3 கிலோவாட் சார்ஜர்களை மாட்டி, ஆயிரத்துக்கு மேல் வைத்திருக்கிறது. கைபேசியில் பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் என்று வைத்தவை, மலிவுக் கார் கேட்பதும் அதே 3.3 கிலோவாட்தான். லண்டனில் வாசல் இல்லாத வீட்டுக்காரர்கள் தெருவிளக்குக் கம்பத்திலேயே காருக்குச் சார்ஜ் போடுகிறார்கள். விம்கோ நகர், திருவொற்றியூர் மெட்ரோ நிலையங்களின் வாகன நிறுத்தத்தில் வண்டிகள் பகல் முழுக்கச் சும்மா நிற்கின்றன. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) உருவாக்கியது. ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க இரும்பு வியாபாரத்தை இங்கே கொண்டுவந்தார்கள். சாயங்காலம் கடை அடைத்ததும் அகலமான உள்சாலைகள் காலியாகின்றன. கிரேன்களுக்கும் வெட்டும் மெஷின்களுக்கும் இழுத்த மின் இணைப்பு இரவில் ஓய்வில் இருக்கிறது. அங்கே ஒரு இரவு நேர சார்ஜ் நிறுத்தம் அமைக்க நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. சி.எம்.டி.ஏ.வும் மின்வாரியமும் மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற வேலை. உட்கார வேண்டும்.

அதுவரை வாங்க நினைப்பவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சொந்த மீட்டரும், வண்டி நிறுத்தத் தரையும், நல்ல எர்த்தும் இருந்தால் தாமதத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முன்பதிவு செய்யலாம். எந்த ரகம், எந்தத் தேதி, தவறினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் ஷோரூமுக்குப் போவதற்கு முன் வீட்டுக்காரரிடமும், பிறகு ஈ.பி. ஆபீஸில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்றும் கேட்டுவிட வேண்டும். இரண்டு இடத்திலும் சரியான பதில் கிடைக்காவிட்டால் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.